பின்னணிக் குரல்: பிரவீணா

பூலாம்பாடி காலனியிலிருந்து பெரம்பலூருக்கு விஸ்காம் படிக்கப் போன முதல் பெண் பிரவீணா. அவளுடைய அப்பா தங்கராசு சென்ட்ரிங் வேலைக்காரர், பலகை அடித்துக் கம்பி கட்டித் தளம் போடுகிறவர். "விஸ்காம்னா என்னா படிப்பு?" என்று தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "டிவில வர்ற படிப்பு" என்று அவளுடைய அம்மா சொல்லிவைத்தாள். பிரவீணாவுக்கு டிவியில் வர ஆசையே கிடையாது. கேமராவுக்குப் பின்னால் நிற்கத்தான் ஆசை. விளக்கப் போனால் பொழுது போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

வகுப்பில் பாதிப் பேச்சு இங்கிலீஷ். ராஜதுரை சார் போர்டில் எதையாவது எழுதினால் எல்லாரும் தலையாட்டினார்கள், இவளும் ஆட்டினாள். மற்றவர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது தெரியவே ஒரு மாதம் ஆயிற்று. அதைச் சிரித்துக்கொண்டே முதலில் ஒத்துக்கொண்டவள் புவனேஸ்வரி. அரியலூர்க்காரி, அப்பாவுக்கு சிமெண்ட் கம்பெனி ஆபீஸில் வேலை. சீக்கிரமே இருவரும் ஒருத்தியை ஒருத்தி எருமை என்று கூப்பிடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். காலேஜ் பிடித்துப்போனது.

ராஜதுரை சாருக்கு ஒரு வழக்கம். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொருவரையும் மைக் முன்னால் நிறுத்துவார். பெயர், ஊர், தெரு, அப்பா பெயர், அப்பா செய்கிற வேலை, எல்லாவற்றையும் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். "தன் ஊரச் சொல்ல வெக்கப்படறவன் மீடியாவுக்கு லாயக்கில்ல" என்பார். பிரவீணா முதலில் 'காலனித் தெரு' என்பதை மென்று முழுங்கினாள். சார் விடவில்லை, திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். பொங்கல் லீவு முடிந்து வந்தபோது மணி அடித்தது போலச் சொன்னாள். வகுப்பே கைதட்டியது. இந்தப் பெருமையை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். வெளியூரில் யாராவது எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டால், பெரம்பலூர் டவுன் என்று சொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது காலனியில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

இரண்டாம் செமஸ்டரில் டீம் டீமாகப் பிரிந்து ஆவணப்படம் எடுக்கச் சொன்னார்கள். பிரவீணாவும் புவனேஸ்வரியும் இருந்த டீமில் விக்கியிடம் பைக் இருந்தது, அதனால் அவன் டீம் லீடர். செல்போனில் பிரவீணா எடுத்துக் காட்டிய சில காட்சிகளைப் பார்த்துவிட்டு, "கேமரா இந்தப் பொண்ணுதான்" என்று சாரே சொல்லிவிட்டார். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் அவள் நின்றுகொண்டே ஊருக்கு வந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

விக்கியின் ஊரில் பங்குனித் தேர். அதைத்தான் எடுப்பது என்று முடிவானது. விடிந்ததும் போய்ச் சேர்ந்தார்கள். பூக்கட்டுகிறவர்கள், சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறவர், வடத்தின் மேல் உட்கார்ந்து குதிரை ஓட்டுகிற குழந்தைகள் என்று பிரவீணா எடுத்துத் தள்ளினாள். தேர் நகர்கிற காட்சியைக் கோயில் முன்மண்டபத்து மாடியிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். படியில் ஏறப்போன இடத்தில் தர்மகர்த்தா பஞ்சநாதன் நின்றார். விக்கிக்குப் பெரியப்பா முறை.

"காலேஜ் புள்ளைங்களா? வாங்க, வாங்க. நீ எந்த ஊரும்மா, யாரு வூட்டுப் புள்ள?"

புவனேஸ்வரி சொன்னாள். அடுத்தது இவள்.

"பிரவீணாங்க. பூலாம்பாடி, காலனித் தெரு. அப்பா பேரு தங்கராசு, சென்ட்ரிங் வேலை பாக்கறாருங்க."

தலை நிமிர்ந்துதான் சொன்னாள். சார் கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

பஞ்சநாதன் கோபப்படவில்லை. "நல்லா படிக்கணும்" என்றார். பிறகு விக்கியின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த விக்கி இவள் முகத்தைப் பார்க்காமல் ட்ரைபாடைப் பார்த்துப் பேசினான்.

"மேல கூட்டம் ஜாஸ்தியாம். கேமராவ புவனாட்ட குடுத்துடு. நீ பஸ் ஸ்டாப் நெழல்ல இரு. தப்பா எடுத்துக்காத, என்ன?"

மாடியில் ஒரு ஆள் கூட இல்லை. கீழே நின்றே பார்க்க முடிந்தது. பிரவீணா புவனேஸ்வரியைப் பார்த்தாள். இவள் வராவிட்டால் நானும் மேலே வரமாட்டேன் என்று அந்த எருமை சொல்லும் என்றுதான் நினைத்தாள். "குடுடி, தேர் கெளம்பப் போவுது" என்றாள் அவள். கேமரா வாரை இவள் கழுத்திலிருந்து அவளே கழற்றிக்கொண்டாள்.

மத்தியானம் விக்கியின் அம்மா பஸ் ஸ்டாப்புக்கே இலைப்பொட்டலம் கொடுத்தனுப்பினாள். வடை கூட ஒன்று அதிகம். நல்லவர்கள்தான், எல்லாரும் நல்லவர்கள்தான்! பசித்ததால் பிரவீணா சாப்பிட்டாள். சாப்பிட்டதற்காகத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் ராஜதுரை சாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது ஊரு விஷயம்மா. நாம தலையிட முடியாது. இன்டர்னல் மார்க் இருக்கு, பாத்துக்க. ஒனக்குத்தான் குரல் நல்லாருக்கே, வாய்ஸ் ஓவர் நீ குடு."

திங்கட்கிழமை மைக் வகுப்பு வழக்கம்போல நடந்தது.

விக்கி எழுதிய தாளை வைத்துக்கொண்டு ரெக்கார்டிங் அறையில் உட்கார்ந்தாள். பூ, சக்கரம், குழந்தைகள் எல்லாம் அவள் எடுத்தவை. திரையில் 'ஒளிப்பதிவு: புவனேஸ்வரி' என்று ஏற்கெனவே போட்டிருந்தார்கள். தாளின் நடுவில் ஒரு வரி. 'சாதி வேறுபாடு ஏதுமின்றி ஊரே ஒரே குடும்பமாய்க் கூடி வடம் பிடிக்கும் திருநாள் இது.' அந்த இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"நல்லாருக்கு. அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் சிரிச்சாப்புல சொல்லு" என்று ஹெட்போனில் விக்கி சொன்னான்.

எழுந்து போயிருக்கலாம். தாளைக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். கேட்கிற நமக்கு அப்படித்தான் இரத்தம் கொதிக்கும், நமக்கென்ன, நம் மார்க்கா போகப்போகிறது? அவள் இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த வகுப்பில், அதே முகங்களோடு உட்கார வேண்டும். சிரித்தாற்போலச் சொன்னாள்.

படத்துக்குத் துறையில் முதல் பரிசு. யூட்யூபில் ஏற்றினார்கள். மகள் குரல் வருகிறது என்று கேள்விப்பட்ட தங்கராசு, வேலை முடிந்து வந்து கைகால் கூடக் கழுவாமல், "போடு, போடு" என்று அவசரப்படுத்தினார். அம்மாவும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வரி வந்தது. மாடியிலிருந்து எடுத்த தேரும் வந்தது. தங்கராசு செல்போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"யேய், இந்த மண்டபத்துக்குத் தளம் போட்டது நாங்கதான். தொறந்த அன்னிக்கு எங்கள ரோட்டோரமா நிக்க வச்சானுங்க. நாங்க கொண்டுபோன ஒத்த மாலையக் கூட வாங்கிக்கல." அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். "இப்பல்லாம் உள்ள வுடறாங்களாம்மா? நீ மேல ஏறித்தான எடுத்த?"

பிரவீணா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பரிசு வாங்கிய மகளைப் பார்க்கிற முகம் அது. அதைக் கெடுக்க அவளால் முடியவில்லை.

"வுடறாங்கப்பா" என்றாள்.

தங்கராசு படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். "அப்ப வர்ற பங்குனிக்கு ஒங்கம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.