சீட்டுக்கு ஓர் உச்சவரம்பு

வளைகுடாவில், முசஃபாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் இன்சூரன்ஸ் மேசை என் பொறுப்பில் இருந்தது. எல்லா ஊழியருக்கும் மருத்துவ அட்டை கட்டாயம் என்று சட்டம் வந்த புதிது. அட்டையோடு வந்த விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மருந்து விலையில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் நோயாளியின் பங்கு. காய்ச்சல் மாத்திரைக்கு அது டீக்காசு. விலை உயர்ந்த மருந்துக்கு அதுவே பாதிச் சம்பளம். சதவீதம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் அது நியாயம் என்று இன்சூரன்ஸ்காரர்கள் மனதார நம்பினார்கள்.

ராமநாதபுரம் பக்கத்து வெல்டர் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. தினம் ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டால் வேலை பார்த்துக்கொண்டே பல வருடம் இருக்கலாம், விட்டால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். தன் பங்குத்தொகையைக் கேட்டதும் வெல்டர் சிரித்தார்.

"சார், இதுக்கு அந்த நோயே தேவலாம் போலருக்கே."

நான்கு மாதம் கடிதம் எழுதினேன். நோயாளியின் பங்குக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், அதற்கு மேல் இன்சூரன்ஸ் கம்பெனியே கட்ட வேண்டும் என்று விதிகளைக் காட்டியே வாதாடினேன். கடைசியில் இறங்கி வந்தார்கள். வாசகத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள் என்றார்கள். எழுதினேன்: ஒரு மருந்துச்சீட்டுக்கு இவ்வளவுக்கு மேல் நோயாளி கட்ட வேண்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வெல்டரும் அவர் ரூம்காரர்களும் கேம்ப்பில் ஆட்டுக்கறி சமைத்து, டிபன் கேரியரில் என் ஃப்ளாட்டுக்கே கொண்டுவந்தார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டு நன்றாகவே சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு என் மேசைக்கு வந்தது. மோசம். மருந்துக்கடை பில்களைத் தேடி எடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு வாரத்து மருந்துக்கு. பன்னிரண்டு வாரத்தில் ஆறு பில்தான் இருந்தது. வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"மாசத்துக்கு ஒரு சீட்டுத்தானே?"

"இல்ல சார். வெலை கூடுன மருந்து வீணாயிரக் கூடாதுன்னு இன்சூரன்ஸ்ல வாரத்துக்கு ஒரு சீட்டுன்னு ஆக்கிட்டாகளாம். நாலு சீட்டு, நாலு தடவ கட்டணும். பழைய கணக்குக்கே வந்துருச்சு. அதான் ஒரு வாரம் வாங்குவேன், மறுவாரம் விட்ருவேன். ஒடம்புக்கும் லீவு வேணும்ல?"

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

அவர் தரையைப் பார்த்தார். "நாலு மாசம் மல்லுக்கட்டி வாங்கிக் குடுத்துருக்கீக. அதுல ஓட்டை இருக்குன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் சொல்றது? ரூம்ல எல்லாருக்கும் உங்களப் பத்திப் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன்."

சீட்டு என்று நான் எழுதிய இடத்தில் மாதம் என்று இருந்திருக்க வேண்டும். முப்பது வருடம் பிறர் எழுதிய விதிகளில் பிழை பிடித்தவன் நான். உடனே திருத்தம் கேட்டு எழுதினேன். பாலிசி புதுப்பிக்கும்போதுதான் திருத்த முடியும் என்று பதில் வந்தது. விதிப்படி அது சரிதான்.

அதுவரை விடுபடும் வாரங்களுக்கு நான் கட்டுகிறேன் என்றேன். அவர் மறுத்தார், அதட்டி வாங்க வைத்தேன். பயனில்லை. விட்டு விட்டுச் சாப்பிட்டதில் நோய் மருந்தை மீறிவிட்டது என்றார் டாக்டர். அடுத்த மருந்து அந்த அட்டையில் கிடையாது. வேலைக்குத் தகுதியில்லை என்று சான்று வந்தது. விசா ரத்தாகும் நாளில் அட்டையும் ரத்து. அந்தப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். கையெழுத்துப் போடும்போது, "எல்லாம் சரியா இருக்கா சார்?" என்று கேட்டார். சரியாக இருந்தது.

புதுப்பித்த பாலிசியில் மாதம் என்ற சொல் வந்தது. அதைச் சொல்ல ஊருக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். போன மாதமே காரியம் முடிந்துவிட்டது என்றார். நான் யார் என்று சொன்னேன்.

"மருந்துக்குக் காசக் கொறச்சு விட்ட சாரா?" என்று கேட்டார். "சாகுற வரைக்கும் உங்களத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாக."

ஆமாம், நான்தான் என்றேன்.