குடைக்காரியின் வாய்

என் அக்காவுக்கு வீட்டில் 'நத்தை' என்று பெயர். ஒரே ஒரு செல்போன் விளையாட்டை உருவாக்க நான்கு வருடம் எடுத்துக்கொண்டவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பகலெல்லாம் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு. மற்ற நேரம் சமையலறை மேசையில், அரிந்த வெங்காயத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினி.

விளையாட்டு ஒரு ரயில் நிலையத்தில் நடக்கிறது. அங்கே குடை விற்கும் ஒரு சிடுமூஞ்சி. யார் விலை கேட்டாலும், "வெளிய போய் வாங்கு, பாதி விலைக்குக் கிடைக்கும்" என்று விரட்டுவாள். அவளிடம் திட்டு வாங்கவே பலர் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அந்த ஒரு வரிக்காக, போன்களுக்கு விளையாட்டுகளை இறக்கித் தரும் செயலிக் கடை, அக்காவின் விளையாட்டைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. விளையாட்டுக்குள் எது விற்றாலும் நூற்றுக்கு முப்பது கடைக்குக் கமிஷன். வேறிடத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று ஆடுகிறவர்களிடம் சொல்லக் கூடாது என்பது அதன் விதி. குடைக்காரி கமிஷனை ஏய்க்கத் தூண்டுகிறாளாம்!

"அந்த வரிய எடுத்துரு, அக்கா. உடனே திரும்பப் போட்டுருவாங்க" என்றேன். வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் சட்டம் படித்தவன், சொன்ன யோசனை இது.

"எடுத்துட்டு? 'வாங்க, உக்காருங்க'ன்னு குழைய வைக்கவா? அப்புறம் அவ அவளா இருப்பாளாடா?"

அக்காவின் கணவர், என் மாமா, லிஃப்ட் மெக்கானிக். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "மச்சான் படிச்சதே எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டத்தான் போல."

சிரித்தேன், ஆனால் சுருக்கென்றது. பெரிய இடம் என்றதும் குனிவதை எங்கே கற்றேன், வீட்டிலா, வகுப்பிலா? இன்னும் விளங்கவில்லை. பெரிய நிறுவனங்கள் சிறியவர்களை நசுக்காமல் பார்த்துக்கொள்ளும் வணிகப் போட்டி ஆணையத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். அக்கா பக்கத்திலிருந்து, "இது யாருக்குடா புரியும்?" என்று பாதியை அடித்தாள்.

விசாரணையில் கடையின் வக்கீல் நிதானமாகக் கேட்டார்: "வெறும் நகைச்சுவைதானே? நீக்கினா என்ன நஷ்டம்?"

அக்கா எழுந்தாள். "சார், இடம் குடுக்கறீங்க, கமிஷன் எடுக்கறீங்க. அது எவ்வளவுன்னு வேணா சண்டை போடலாம். ஆனா வாசலுக்கு வெளிய ஒரு தெரு இருக்குன்னே நான் சொல்லக் கூடாதுன்னா எப்படி?"

ஆணையத்தின் தலைவராக இருந்த அம்மாள் விளையாட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா தன் போனை நீட்டினாள். அவர் குடையைத் தொட்டார், குடைக்காரி பாய்ந்தாள். "இவ என்ன, என்னையே விரட்டுறா!" என்று அவர் சொன்னதும் வக்கீலே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. விளையாட்டை அப்படியே திரும்ப வைக்க வேண்டும். வெளியே என்ன விலை என்று சொல்லும் எந்தத் தயாரிப்பாளரையும் இனிக் கடை தடுக்கக் கூடாது.

மாமா அக்காவைத் தூக்கிச் சுற்றியதில் நாற்காலி ஒன்று உடைந்தது. அவள் போன் ஓயவே இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண், மீன்பிடி விளையாட்டு செய்கிறவளாம், மூச்சு வாங்கக் கேட்டாள்: "அக்கா, அப்போ என் படகுக்காரனும் வாயத் தொறக்கலாமா?"

"தொறக்கட்டும்மா!" என்றாள் அக்கா. "நல்லா சத்தமாவே பேசட்டும்!"