நான் சரி போட்ட படம்

அம்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறி, பன்விலவுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குக் கணிதம் படிப்பிக்கப் போய்வருகிறேன். முதல் இரண்டு வருடங்கள் கரும்பலகையை நிரப்புவதில் நான் கெட்டிக்காரி. பிள்ளைகளும் அழகாகப் பார்த்து எழுதுவார்கள். ஒரு தவணைப் பரீட்சையில், ஓர் இடத்தை அளவுக்கேற்பச் சுருக்கி வரையும் அளவிடைப் படக் கேள்வியில் எண்களை மாற்றிக் கொடுத்தேன். வகுப்பில் பாதிப் பேர் நான் பலகையில் வரைந்த அதே படத்தை, அதே பழைய எண்களோடு வரைந்திருந்தார்கள். பிள்ளைகள்மீது கோபம் வரவில்லை. பார்த்து எழுதத்தானே பழக்கியிருந்தேன்.

அடுத்த தவணை பலகையைத் தொடவில்லை. ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஓர் அளவுநாடா கொடுத்தேன்.

"புடிச்ச எடத்த அளந்து வரைஞ்சுட்டு வாங்க. எப்படின்னு நீங்களே பேசி முடிவெடுங்க."

வகுப்பில் எழுந்த சத்தம் கேட்டுப் பாடசாலை அதிபரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அசையவில்லை.

அந்த வாரமே ஒரு தாய், கொழுந்து எடுத்த கையோடு வந்து நின்றார்.

"டீச்சர் சொல்லிக்குடுக்காம சும்மா ஒக்காந்திருக்கிறதா பேசிக்கிறாங்க. எம் மக படிச்சு மேல வரணும் டீச்சர்."

குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். வகுப்பில் வாயே திறக்காத அவருடைய மகளை அழைத்து, "அம்மாகிட்ட நீங்க செஞ்சத காட்டு" என்றேன்.

அவளுடைய குழு, தோட்டத் தொழிலாளர் வரிசையில் அவள் குடியிருக்கும் லயத்து வீட்டை வரைந்திருந்தது. நான் சரி போட்டிருந்த படம். ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் என்று நிதானமாக விளக்கினாள். தாய் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே போய், சமையலறையில் நிறுத்தினார்.

"குசினி இவ்வளவு பெருசா இல்லயே. ரெண்டு பேரு நின்னா திரும்ப ஏலாது."

மகள் என்னைப் பார்த்தாள். அந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு அளந்துட்டு வாறேன்" என்றாள் அவளே.

மறுநாள் புதிய படத்தோடு வந்தாள். "முன் அறையோட அகலத்தையே குசினிக்கும் போட்டுட்டோம் டீச்சர். குசினிய அளக்கவே இல்ல." வகுப்புக்கு முன்னால் இதைச் சொல்லும்போது அவள் வெட்கப்படவில்லை. மற்றக் குழுக்களும் நாடாவை எடுத்துக்கொண்டு மறுபடி அளக்கக் கிளம்பின.

பெற்றோர் கூட்டத்தில் இந்த முறையைப் பற்றிப் பேசும்படி அதிபர் கேட்டார். நான் பேசவில்லை. படங்களை மேசைகளில் விரித்து, பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்கவைத்தேன். பெற்றோர் கேட்கக் கேட்க அவர்கள் பதில் சொன்னார்கள். தெரியாத இடத்தில், "தெரியல, பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். இப்போது என் எல்லா வகுப்புகளும் இப்படித்தான் நடக்கின்றன.