நடு ஆற்றில் மாறும் வெளிச்சம்

என் அக்கா உஷாராணி ஈஜோக் பக்கத்துச் செம்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சிறுநீரகம் கெட்ட பிறகு வேலையை விட்டார். வாரத்தில் பாதி நாள் கோலசிலாங்கூரில் டயாலிசிஸ். ஒரு கை ஊசியில் கிடக்க, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, கணினியில் அசைபடம் செய்யும் மென்பொருளுக்கான பாடங்களைப் பார்த்தே அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்.

கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்து வீட்டுக்கு நானும் மாதம் ஒருமுறைதான் வருவேன். ஆனால் அந்த மென்பொருளைப் புதிதாகப் பழகுகிறவர்களின் முகநூல் குழுவில் யாராவது அவரை "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் ரெண்டரில் சிக்கல். கணினி காட்சியைக் கணக்கிட்டு ஒவ்வொரு படமாக வரைந்து கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

அக்காவின் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"போன்ல புடிச்ச படம் வேணாம் லா. ஸ்கிரீன்ஷாட் போடு. எந்த பட்டன் அமுங்கியிருக்குன்னு நான் பாக்கணும்."

அடுத்தது இது:

"நேரா வீடியோவா எடுக்காத. படம் படமா எடு. மழை பேஞ்சா எங்க தோட்டத்துல கரண்டு போயிடும். வீடியோன்னா மொத்தமும் போச்சு. படம்னா விட்ட எடத்துலேருந்து எடுக்கலாம்."

தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா இறந்துபோனார். அவர் கணினியில் ஒரு படம் பாதியில் நின்றது. கோலசிலாங்கூர் கரையிலிருந்து ஒரு பருந்து கிளம்பி, ஆற்றைத் தாண்டி, பாசிர் பெனம்பாங் படகுத்துறைக்குப் பறக்கிறது. நடு ஆறு வரைதான் ரெண்டர் ஆகியிருந்தது. அது கரை சேர்வதை நான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

கண்டதையெல்லாம் அழுத்தினேன். ஒரே ஒரு படம் வந்து நின்றது. திரையைப் போனில் பிடித்து, கணினியில் திறந்திருந்த குழுவிலேயே கேள்வியாகப் போட்டேன். அது அக்காவின் கணக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் எழுதியவர் திலீப், ரவாங்கில் தொழிற்சாலை வேலை பார்ப்பவர்.

"அக்கா! போன்ல படம் புடிச்சா எங்கள அந்த ஏசு ஏசுவீங்க. இப்ப நீங்களேவா? என்னா லா!"

"அக்கா அக்கவுன்ட எவனோ திருடிட்டான்," என்றார் நித்தியா என்ற பெண். சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன.

"நான் அவங்க தம்பி சத்தியசீலன். அக்கா தவறிட்டாங்க," என்று எழுதினேன்.

பிறகு திலீப் எழுதினார்: "அண்ணே, ஸ்கிரீன்ஷாட் போடுங்க. நான் பாக்குறேன்."

முழுப் படத்தையும் எடுக்க வேறு கட்டளை என்றும், அக்கா விட்ட படத்தின் எண்ணிலிருந்து தொடங்கவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். கணினி ஓடியது. மத்தியானம் மழை பெய்து மின்சாரம் போனது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது நடு ஆற்றில் தண்ணீர் சட்டென்று வெளுத்தது. முதலில் கண்டதையெல்லாம் அழுத்தியபோது காட்சியில் வெயிலின் அளவை மாற்றிவிட்டிருக்கிறேன். அப்படியே சேமித்தும்விட்டேன். பழைய அளவு எவ்வளவு என்று தெரியவில்லை. எதை எதையோ வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

"மொதல்லேருந்து எல்லாத்தையும் மறுபடி ரெண்டர் எடுத்துடுங்க அண்ணே, ஒரே மாதிரி வந்துடும்," என்றார் திலீப். "பழைய படங்கள வேற எடத்துல வச்சுக்கலாம்."

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஓடுகிற படத்தில் அக்கா இங்கே உட்கார்ந்து எடுத்த பாதி இருக்காது. முதல் எண்ணைப் போட்டேன், அழுத்த முடியவில்லை. சேர்த்ததை அப்படியே குழுவில் போட்டேன்.

"நடுவுல வெளிச்சம் மாறுதே, பரவாயில்லையா?" என்று கேட்டார் நித்தியா.

"பரவாயில்ல. அதுவரைக்கும் அக்கா எடுத்தது," என்று எழுதினேன்.

பருந்து படகுத்துறையில் இறங்கியதற்கு நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள். நான் மறுபடி ஓடவிட்டேன். தண்ணீர் வெளுப்பதற்கு முன் நிறுத்தினேன்.