பதினொரு தும்மல்

செய்தி வந்தபோது மணி மூன்று இருபது. கண்ணாடிக் கடையின் உள்ளறையில் தங்கை ஒரு பெரியவரின் இடக்கண்ணை மறைத்து, எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரியில் அவர் திணறியபோது போன் அதிர்ந்தது. அண்ணனோடு வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் பேசினார். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் உட்கார்கிறேன் என்றாராம் அண்ணன். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசிவரை அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் அவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வயதில் வேலைக்குப் போனான், தன்னைவிடப் பதினான்கு வயது இளையவளான அவள் படிக்க வேண்டும் என்பதற்காக. அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முப்பத்து நான்காம் வயதில் எங்கிருந்தோ ஒரு பழைய சாம்ப்ளரைக் கொண்டுவந்தான். சாப்பாட்டு டப்பா அளவு. மேலே இரண்டு வரிசையில் சின்னக் கட்டைகள். எந்தச் சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டையைத் தொட்டால் திருப்பித் தரும். லிஃப்ட் கதவு மூடும் சத்தம், மாடி வந்ததும் அடிக்கும் மணி, பிரேக் விழும் ‘டக்’ எல்லாம் அதற்குள் போயின. ஒருநாள் அவளுடைய தும்மலும் போனது. அவள் தும்மினால் பக்கத்து வீட்டுக் கதவு அதிரும். ‘எந்த டிரம்முலயும் இந்த அடி வராது’ என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் அதையே தட்டிக்கொண்டிருந்தான். அவள் மூன்று நாள் பேசவில்லை.

ஆனால் அந்த டப்பாதான் அவளைக் கரையேற்றியது. கண் பரிசோதனைப் படிப்பில் கண்ணை அசைக்கும் ஆறு தசைகளின் பெயர்கள் அவள் தலைக்குள் ஏறவே இல்லை. அண்ணன் அவளையே அவற்றைப் படிக்கச் சொல்லிப் பதிவுசெய்தான். ஆறு பெயர்களையும் ஆறு கட்டைகளில் வெட்டிவைத்து, லிஃப்ட் கதவைத் தாளமாகப் போட்டுச் சுற்றவிட்டான். இரண்டே நாளில் பாடமாகிவிட்டது. இன்றைக்கும் யாரையாவது மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று சொல்லும்போது அந்தத் தாளம் அவளுக்குள் ஓடும்.

அண்ணனுக்கு வாத்தியக் கூட்டாளி ஒரே ஒருவர், பல் டாக்டர். லிஃப்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டு அலறியவரை, வெளியிலிருந்து கதவில் தாளம் தட்டியே அண்ணன் அடக்கினான். உள்ளேயிருந்து அவரும் பதில் தாளம் தட்டினார். வெளியே வந்ததும் முதல் வேலையாக, “யோவ், மூணாவது சுத்துல தப்பா தட்டினே” என்றாராம். அடுத்த மாதமே ஒரு குட்டி சின்தசைசர் வாங்கிவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் சமையலறை மேசையில் இரண்டு பெட்டிகளும் எதிரெதிரே உட்கார்ந்தன. அவர் இல்லாத சத்தத்தை உண்டாக்குவார், அண்ணன் இருக்கிற சத்தத்தை அடுக்குவான். கேட்க ஆள் இல்லையே என்ற கவலை இருவருக்கும் இருந்ததில்லை.

அண்ணனிடம் ஒரு வழக்கம் உண்டு. போட்ட பாட்டை உடனே சேமிக்க மாட்டான். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, மின்சாரத்தில் செருகியபடியே சுற்றவிட்டுப் படுத்துவிடுவான். மறுநாள் காலை டீயோடு கேட்டும் பிடித்திருந்தால்தான் சேமிப்பான். பெட்டி அணைந்தால் அவ்வளவுதான், போட்டது போனது. இறந்த அன்று காலை, முதல்நாள் இரவு போட்ட பாட்டு அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது; அவன் டீ குடிக்கவில்லை. எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே தங்கையிடம் சொன்னான்: “டாக்டரம்மா, டப்பாவைத் தொடாதே. சாயங்காலம் வந்து கேட்டுக்கறேன்.”

அவள் வீடு வந்தபோது சித்தி வந்திருந்தாள். பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் காகித வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு மேல் சட்டென்று மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. சமையலறைக்குள் பார்த்தாள். டப்பாவில் பேட்டரி விளக்கு எரிந்தது. பேட்டரியில் ஓடும்போது பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது தானாகவே அணைந்துவிடும் என்று அண்ணன் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பல் டாக்டரைப் போனில் கூப்பிட்டு, பாட்டை எப்படிச் சேமிப்பது என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. சேவ் பண்றதுக்கும் அழிக்கிறதுக்கும் அதுல ஒரே பட்டன். எவ்வளவு நேரம் அமுக்கறோங்கறதுதான் வித்தியாசம். அவனே ரெண்டு தடவை அழிச்சிருக்கான். நான் வர்ற வரைக்கும் வெள்ளைக் கட்டையில ஏதாவது ஒண்ணைத் தொட்டுக்கிட்டே இரு.”

போனில் எட்டு நிமிடத்துக்கு ஒரு மணி வைத்துக்கொண்டாள். டப்பாவை மடியில் வைத்துக் கூடத்தில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் துக்கம் கேட்டார்கள். மணி அடித்தது. கடைசி வெள்ளைக் கட்டையை ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி யாரோ வந்தார்கள், மறுபடி தட்டினாள். சித்தி இன்னொருத்தியிடம், பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது, யாராவது அதைப் பிடுங்கி வையுங்களேன் என்று கிசுகிசுத்தாள். அவள் காதில் விழுந்தது. டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஆறரை மணிக்கு டாக்டர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக வந்து பட்டனை அமுக்கி, மனசுக்குள் எண்ணி, கையை எடுத்தார். “இருக்கு” என்றார். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இப்படியொருவரை விட்டுவிட்டுப் போயிருக்கிறானே, அதுவே போதும் என்று தோன்றியது.

பிறகு அவர் சிவப்பு விளக்கைப் பார்த்தார். முகம் மாறியது.

“ஐயோ. பதிவு ஓடிட்டிருக்கு. நான் கேட்டிருக்கணும். நீ தட்டினதெல்லாம் உள்ள போயிருக்கும்மா.”

சத்தத்தைக் கொஞ்சமாக ஏற்றினார். லிஃப்ட் கதவு மெல்ல மூடியது. மணி ஒன்று அடித்து, அதன்மேல் இன்னொன்று அடித்தது. எங்கோ உயரத்தில் கம்பிகள் முனகுவதுபோல ஒரு நீண்ட இழை. அண்ணன் இவ்வளவு அமைதியாக எதையும் போட்டு அவள் கேட்டதில்லை. அந்த அமைதியின் நடுமண்டையில் ஒரு தும்மல் இறங்கியது.

அவளுடைய தும்மல்தான். அவள் தொட்ட கடைசிக் கட்டையில் அவன் அதைத்தான் வைத்திருந்தான். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து இரண்டு.

டாக்டர் உதட்டைக் கடித்தார். அடுத்த தும்மலில் இருவருக்கும் அடக்க முடியவில்லை. சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னால், கண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்தார்கள். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். எண்ணிப் பார்த்தபோது மொத்தம் பதினொன்று இருந்தது.

“ஒவ்வொண்ணா எடுத்துடலாம். ஒரு மணி நேர வேலை. அவன் போட்டது மட்டும் அப்படியே நிக்கும்,” என்றார் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“சரிண்ணே. அவன் கேட்காமப் போனது, சுத்தமா இருக்கட்டும்.”

மூன்றாம் வாரம், சனிக்கிழமை மதியம், தன் சின்தசைசரையும் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் எதிரே உட்கார்ந்தார். முதல் தும்மலை எடுத்தார். இருவரும் முழுக்கக் கேட்டார்கள். அந்த இடம் கொஞ்சம் காலியாக இருந்தது. அவள் டீ போட எழுந்தாள். டாக்டர் தன் பெட்டியைத் திறந்து, பாட்டோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார். அதன்பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் வந்துபோயின. பத்துத் தும்மல் இன்னும் எடுக்கப்படவில்லை.