ரசமட்டம் வைத்துப் பார்த்த சிறகு

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையிலிருந்து றொசல்ல வரைக்கும் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். சோலைமலை பாஸ் வைத்த கதவு இறுகிக்கொண்டது என்று ஒரு ஆள் சொல்ல மாட்டார். மழை பிடித்து மரமெல்லாம் ஊதிப்போகிற ஆடி மாதத்திலும் அவர் வைத்த கதவை ஒரு விரலால் தள்ளித் திறக்கலாம். படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றைக் காம்பராவில் பிறந்து, ஹட்டனில் ஒரு சிங்களத் தச்சருக்கு உளி தீட்டிக் கொடுக்கப் போன மனுசன், மூன்று தேயிலைப் பக்டரிகளுக்குக் கூரை மாற்றினார், துரை பங்களாவுக்குப் படிக்கட்டு வைத்தார், கடைசியில் ரோட்டோரமாகச் சொந்தக் காணியில் சொந்தக் கையால் வீடும் கட்டிக் குடியேறினார். தச்சு வேலைக்காரரை அந்தப் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குமேல் ஒரு பட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை.

யார் எதைப் புகழ்ந்தாலும் அவர் வாயில் ஒரே சொல்தான் வரும். பங்களாப் படிக்கட்டா? "நான்தான்." கோயில் தேருக்குப் புதுச் சக்கரமா? "நான்தான்." அவர் மனைவி மீனம்மா ஒருநாள் சொன்னாள்: "இன்னைக்கு நல்ல வெயிலுன்னு யாராச்சும் சொல்லிப் பாருங்களேன், அதுக்கும் நான்தான்னு நிப்பாரு."

சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும். சாண் நீளக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் வேலை சுத்தம். ஓடினால் கோணல். சாவு வீட்டுக்குப் போன இடத்தில், மாலை போட்டிருந்த படம் சாய்ந்திருக்கிறது என்று ஸ்டூல் போட்டு ஏறி ரசமட்டம் வைத்து நிமிர்த்திவிட்டு, அதற்குப் பிறகுதான் துக்கம் விசாரித்தார்.

அப்படிப்பட்டவருடைய மருமகள் லோஜினி, தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான டீச்சர். மகன் பிரதாப்புக்குக் கொழும்பில் வேலை. லோஜினி மாமா மாமியோடுதான் இருந்தாள். சனிக்கிழமை தலவாக்கலையில் முப்பது ஆசிரியர்களுக்கு அவள் ஒரு பயிற்சி நடத்த வேண்டியிருந்தது. எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து போகிற சின்னக் கிளைடரைப் பல்சாப் பலகையில் எப்படிச் செய்வது என்று, ஒன்றும் தெரியாதவர்களுக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிக் கொடுக்கிற பயிற்சி. அது நன்றாக நடந்தால் வலயக் கல்வி அலுவலகத்து அன்ஸார் சேர் அவளை வளவாளராக எடுப்பார். வேறு பாடசாலைகளுக்கும் போய்ப் பயிற்சி கொடுக்கலாம். மூன்று வருசமாக அவள் காத்துக் கிடந்தது இதற்குத்தான்.

கொழும்பிலிருந்து பலகை வந்த அன்றைக்குச் சோலைமலை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்னம்மா மரம்? பொரிக்காத அப்பளம் மாதிரி இருக்கு!"

"பல்சா மாமா. பாரமில்லாம இருக்கணும்னுதான் இது."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நல்ல சப்பு மரத்துல இழைச்சுத் தந்திருப்பேனே."

"அது பறக்காது மாமா, நேரா உங்க தலையிலதான் விழும்." மீனம்மா சிரித்துவிட்டாள்.

அந்த வாரம் அவர் இறம்பொடையில் வேலைக்குப் போய்விட்டார். லோஜினி மாதிரிக் கிளைடரைச் செய்து முடித்ததையும், புதன்கிழமை பின்னேரம் கரட் பாத்திக்கு மேலாக அது பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் மிதந்து போனதையும் அவர் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பகலில் வீடு திரும்பியபோது மேசைமேல் கிளைடர் மட்டும் தனியாக இருந்தது. லோஜினி பாடசாலையில், மீனம்மா கடைக்குப் போயிருந்தாள்.

பார்த்தவுடனே அவர் கண் உறுத்தியது. சிறகுகள் இரண்டும் நடுவில் பள்ளமாகவும் நுனியில் தூக்கியும் நின்றன. ரசமட்டத்தை எடுத்து ஒரு சிறகின்மேல் மெல்ல வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஐயோ பாவம், ஒட்டும்போது பிள்ளைக்குச் சரிந்துவிட்டது என்று நினைத்தார். மூக்கிலே வேறு சளி மாதிரி ஒரு களிமண் உருண்டை. நாற்பது வருசம் மரத்தோடு மாரடித்தவர் வீட்டிலிருந்து இப்படி ஒரு வேலை வெளியே போகலாமா?

பிளேடால் மூட்டைப் பிரித்தார். ஓரத்தை உப்புத்தாளால் நேராக்கினார். குமிழி நடுவில் வந்து நிற்கும்படி, சிறகைப் பலகை மாதிரி மட்டமாக ஒட்டினார். களிமண்ணைச் சுரண்டி எறிந்தார். பசை காய்ந்ததும் பெட்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். நாளைக்குச் சபையில் எல்லாரும் புகழும்போது எழுந்து நின்று சொல்ல வேண்டிய சொல் அவர் நாக்கில் அப்போதே இனித்தது.

"பஸ்ஸுல நசுங்கிடக் கூடாதேன்னு கட்டி வச்சுட்டேம்மா" என்றார், பாடசாலை விட்டு வந்தவளிடம். லோஜினி நன்றி சொல்லி, பெட்டியைத் திறந்து பார்க்காமல் விட்டாள்.

காலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு அவரும் போனார். மண்டபத்தில் அவருக்கு முதல் வரிசை. அன்ஸார் சேரும் வந்திருந்தார். லோஜினி கயிற்றை அவிழ்த்தாள். அவள் கை நின்றது. சிறகைப் பார்த்தாள், மூக்கைத் தடவினாள், பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"சேர், இதுல ஒரு சின்னத் திருத்தம் செய்யணும்..." என்றாள் லோஜினி.

"மாதிரின்னு கொண்டு வந்ததுக்கே திருத்தமா டீச்சர்? நான் இன்னொரு கூட்டத்துக்குப் போகணும். விட்டுக் காட்டுங்க" என்றார் அன்ஸார்.

வெளியே புல்லில் நின்று அதைக் காற்றில் விட்டாள். கிளைடர் மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் அப்படியே நின்றது, பக்கவாட்டில் சரிந்து பொத்தென்று விழுந்தது.

"பப்பாசிக் காய் விழுந்த மாதிரி இருக்கே!" என்றார் ஒரு ஆசிரியர்.

"எங்க ஆறாம் வகுப்புக் கடதாசி பிளேனு இதவிட நல்லாப் போகும் டீச்சர்!" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

சோலைமலை ஓடிப்போய்ப் பொறுக்கினார். அவர் ஒட்டிய மூட்டு விடவில்லை. அதற்குப் பக்கத்தில் பலகைதான் முறிந்திருந்தது.

"இத ஒட்டினது யாரு? நீங்கதானே?" என்று கேட்டார் அன்ஸார்.

லோஜினி மறுபடி மாமாவைப் பார்த்தாள். சோலைமலை வாயைத் திறந்தார். ஆயுசு முழுக்கக் கேட்காமலே வந்து விழுந்த சொல், அன்றைக்குக் கேட்டும் வரவில்லை.

"என் பிழைதான் சேர். கொண்டு வர முந்தி நான் பார்த்திருக்கணும்" என்றாள் லோஜினி.

"சரி, இன்னும் ஒரு வருசம் போகட்டும், பார்ப்போம்." அன்ஸார் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

லோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய், மிச்சப் பலகைகளை முப்பது பேருக்கும் பங்கிட்டாள். "சிறகு நுனிக்குக் கீழ நெருப்புப்பெட்டி வச்சு, ரெண்டு பக்கமும் மேல தூக்கி நிக்கிற மாதிரி ஒட்டுங்க. காத்துல ஒரு பக்கம் சரிஞ்சாலும் அதுவே நிமிந்துக்கும். மூக்குல களிமண் பாரம் இல்லாட்டி மேல தூக்கி நின்னு விழுந்துடும்." சொல்லும்போது பின்வரிசைப் பக்கம் அவள் திரும்பவேயில்லை. சோலைமலை இப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பின்னேரம் முப்பது கிளைடரும் புல்வெளிக்கு மேலே மிதந்தன. பார்க்க அன்ஸார் சேர் இல்லை.

பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "டீ குடிச்சீங்களா மாமா?" திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, நான் பொய் சொல்லவில்லையே, கேட்டது அவளைத்தானே என்று தனக்குத்தானே வழக்குப் பேசிப் பார்த்தார். வழக்கு நிற்கவில்லை. கோணல் வேலை செய்துவிட்டு நழுவின ஆட்களை எத்தனை தடவை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறார்!

திங்கட்கிழமை, முறிந்த கிளைடரைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனார். அன்ஸார் சேரின் மேசைக்கு முன்னால் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சேர், இதப் பிரிச்சு ஒட்டினது நான்தானுங்க. மருமக சரியாத்தான் செஞ்சிருந்துச்சு. கோணலுன்னு நெனச்சு நான்தான் கெடுத்தேன்."

"நீங்க அண்டைக்கு முன்னாலதானே இருந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

சோலைமலை கிளைடரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அன்ஸார் சிறகைத் திருப்பிப் பார்த்தார். "ஒட்டு வேலை நல்லாத்தான் இருக்கு பாஸ்" என்றார். பாராட்டு கேட்டுக் காது கூசியது அவருக்கு அன்றைக்குத்தான். "அடுத்த மாசம் ஹட்டன்ல ஒரு பயிற்சி இருக்கு. டீச்சர வரச் சொல்லுங்க. பெட்டிய மட்டும் அவங்களே கட்டட்டும்." பக்கத்து மேசையில் இருந்தவர் சிரிப்பை அடக்கினார்.

வீட்டில் லோஜினி பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஹட்டன் பயிற்சியையும் சொன்னார்.

அவள் பேனாவை மூடிவைத்தாள்.

"ரொம்பச் சந்தோசம் மாமா. ஆனா அன்னைக்கு அவரு கேட்டப்போ, நீங்க சொல்லுவீங்கன்னுதான் உங்க மொகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன்."