கோட்டுக்குள் இருந்த ட்ரம்பெட்

எழுபதுகளில் சீசனுக்குச் சீசன் கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில் ஜாஸ் வாசிக்க மெட்ராஸிலிருந்து அந்த ட்ரம்பெட்காரர் வருவார். ஜாஸ் கேட்கிறவர்களுக்கு அவர் தெய்வம். வத்தலக்குண்டிலிருந்து அவரை மேலே ஏற்றி வரும் வேன் என்னுடையது. அதனால் எனக்கும் கதவோரம் நின்று கேட்கக் கிடைத்தது. ஒல்லியான மனிதர். மேலுதட்டில் ஊதி ஊதி விழுந்த வட்டமான ஒரு தழும்பு. தன் முறை வரும்வரை ட்ரம்பெட்டைக் கோட்டுக்குள் அணைத்தபடியே உட்கார்ந்திருப்பார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"குளிர்ல பித்தளை சுருதி இறங்கிரும்ப்பா. சூடு ஏறினாத்தான் பேசும்."

எண்பதுகளில் ஒரு சீசன். மேடையில் நின்றவர் ட்ரம்பெட்டை உதட்டருகே கொண்டுபோனார். விரலால் மேலுதட்டுத் தழும்பைத் தடவினார். மறுபடி கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"இன்னும் சூடாகல. கொஞ்சம் பொறுங்க."

பியானோக்காரர் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

"என்னண்ணே, வாசிப்பாரா மாட்டாரா?" என்று கிசுகிசுத்தான் பக்கத்தில் நின்ற ஓட்டல் வாட்ச்மேன்.

"ஏலே, பேசாம இரு. வாசிப்பாரு," என்றேன்.

இன்னொரு முறை உதட்டருகே கொண்டுபோனார். பிறகு அதைத் திரும்பக் கோட்டுக்குள் வைத்து மேடையைவிட்டு இறங்கி, நேராக என்னிடம் வந்து, கோட்டுக்குள்ளிருந்து ட்ரம்பெட்டை எடுத்து நீட்டினார்.

"வேன்ல வச்சிடுப்பா. பாழாப்போன குளிரு."

கையில் வாங்கினேன். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிபோல அது சுட்டது.

"ஆமாங்க சார்," என்றேன். "ரொம்பக் குளிரு."